நான் நுழைந்ததும் ஏன் பேச்சு நின்றுவிடுகிறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆசிரியர்களிடம் நல்லதையே பேசுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். நானும் எல்லோரிடமும் ‘ரொம்ப நல்லா பண்றீங்க’ என்கிறேன். ஆனாலும் ஸ்டாஃப் ரூமுக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கே தவறுகிறேன், அம்மா?

பதில்: தம்பி, அது உங்கள் ஸ்டாஃப் ரூமில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். சொல்லாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜோசப் லுஃப்ட், ஹாரி இங்காம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1955-ல் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். இருவர் பெயரையும் சேர்த்து ‘ஜோஹரி ஜன்னல்’ என்பார்கள். நான்கு கட்டம். எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, யாருக்குமே தெரியாதது என்று மூன்று போக, நான்காவதுதான் நம் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரிதாகிவிடுகிறது: எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுகிறவரிடம் போய் யார் குறை சொல்வார்கள்?

நானும் இதே மலையில்தான் தலைமையாசிரியையாக இருந்தேன். ஒரு கணக்கு டீச்சர் மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். 30 கிலோமீட்டருக்கு மேல், அத்தனையும் வளைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். அப்படி ஒருநாள் பிரேயர் முடிந்து முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். குனிந்தபோது குடைத் தண்ணீர் வருகைப் பதிவேட்டில் சொட்டி, நான் சிவப்பு மையில் எழுதியிருந்த ‘அரை நாள் சி.எல்.’ என்ற விடுப்புக் குறிப்பு கரைந்து ஓடியது. “பதிவேட்டை நனைக்காதீங்க” என்றேன். வழியில் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ஒழுங்காக நிர்வாகம் செய்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் சத்துணவு அமைப்பாளர் அம்மா சொன்னார்: “டீச்சர், நீங்க மணியப் பாத்துக்கிட்டு கேட்டுல நிக்கிறப்ப பிள்ளைங்ககூட பின்பக்கமா சுத்தி வருதுங்க.” அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் பஸ் நிற்கிற நாட்களில் பர்மிஷன் போட்டுவிட்டு, அந்த முதல் பீரியடை நானே எடுத்தேன்.

பாராட்டு விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பேரிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னால் ஒருவருக்கும் அது போய்ச் சேராது. அதே டீச்சர் ஒருநாள் கேரட்டை வெட்டிப் பின்னம் நடத்தினார். தேயிலை பறிக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி, கடைசி பெஞ்ச், கால், அரைக்கால் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். இதை டீச்சரிடம் சொன்னேன். முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நீங்களும் இப்படிச் சொல்ல வேண்டுமானால், நோட்டும் பேனாவும் இல்லாமல் வகுப்பு வாசலில் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

அப்புறம், உங்கள் கையெழுத்தை எதிர்பார்க்காத ஒருவரிடம் சின்னதாக ஒன்று கேளுங்கள்: “காலைல நான் செய்யறதுல எது மத்தவங்களுக்குச் சங்கடமா இருக்கு?” பதில் வந்தால், சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தம்பி. “எல்லாரும் நேரத்துக்கு வரணும்னுதானே நிக்கிறேன்” என்று நான் அன்றைக்கே அந்த அம்மாவிடம் நியாயம் பேசிவிட்டேன். பொங்கல் கழிகிற வரைக்கும் அவர் என்னிடம் அரிசிக் கணக்கைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.