கடவுள் தண்டிச்ச பிறகும் பாவம் ஏன் ஒழியேல்ல?

பெருவெள்ளம் வந்துது, சோதோம் நகரம் எரிஞ்சுது, பாலைவனத்தில ஆயிரக்கணக்கில சனம் செத்துது, பிறகும் ஏன் பாவம் ஒழியேல்ல, அப்ப கடவுள் குடுத்த தண்டனை தோத்துப் போச்சா எண்டுதான் கேட்டிருக்கிறீங்க. கேட்ட விதத்தப் பாத்தா எங்கயோ ஒரு ஜெபக் கூட்டத்தில ஆரோ உங்கள நல்லாப் பயப்படுத்தி அனுப்பியிருக்கினம் போல இருக்கு, இல்லாட்டி வீட்டில ஒரு துக்கம் நடந்து அதுக்கு ஆரோ "இது தண்டனை" எண்டு சொல்லிட்டுப் போயிட்டினம். ரெண்டில எதெண்டாலும் இத முழுக்க வாசியுங்க, கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் இறையியல் படிச்ச ஆள் இல்ல. கொழும்பு கொட்டாஞ்சேனையில பிறந்து வளந்த கத்தோலிக்கப் பொம்பிளை, கன வருசமா ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிறன், அவ்வளவுதான். கத்தோலிக்கருக்கு எங்க பைபிள் தெரியும் எண்டு கமெண்ட் போடக் காத்திருக்கிற ஆக்களுக்காகத்தான் அதிகாரம் எல்லாம் போட்டு எழுதுறன், நீங்களே எடுத்துப் பாருங்க.

தண்டனை குடுத்தா மனுசன் திருந்திடுவான் எண்டு நாங்கதான் நினைக்கிறம், பைபிள் அப்பிடி நினைக்கேல்ல. தொடக்க நூல் 6ஆம் அதிகாரத்தில வெள்ளத்துக்கு முதல் கடவுள் சொல்றது என்ன? மனுசன்ட நெஞ்சில வாற நினைப்பெல்லாம் எப்பவும் கெட்டதாவே இருக்கு எண்டு. வெள்ளம் வடிஞ்சு, பேழை எண்ட பெரிய மரக்கப்பல்ல தப்பின நோவா வெளியில வந்து பலி குடுத்த பிறகு, 8ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தில அவர் சொல்றதும் கிட்டத்தட்ட அதே வசனம்தான், மனுசன்ட நெஞ்சு சின்ன வயசில இருந்தே கெட்டதப் பக்கம்தான் சாயுது எண்டு. இவ்வளவு தண்ணியும் வந்து போச்சு, நெஞ்சு மட்டும் அப்பிடியே கிடக்கு. ஆனா முதல் தரம் அதக் காரணம் காட்டி அழிச்சவர், ரெண்டாம் தரம் அதே காரணத்தச் சொல்லி இனி இப்பிடி அழிக்க மாட்டன் எண்டு சொல்றார். வெள்ளத்துக்குப் பிறகு மனுசன் மாறேல்ல, கடவுள் மனுசனோட நடந்துகொள்ற விதம்தான் மாறினது. நான் பிள்ளையளுக்குப் படிப்பிக்கேக்க இந்த ரெண்டு இடத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாசிக்கச் சொல்லுவன். பேழை, சோடி சோடியா மிருகங்கள், வானவில், படம் கீறி கலர் அடிச்சு முடிச்சு வீட்ட அனுப்பினா பிள்ளைக்கு ஒண்டும் விளங்காது. அடுத்த அதிகாரத்திலயே நோவா திராட்சைத் தோட்டம் போட்டு, குடிச்சு, உடுப்பில்லாம கிடக்கிறார். தப்பி வந்த நீதிமான்ட நிலையே அது எண்டா மற்ற ஆக்கள் எந்த மூலைக்கு?

எண்ணிக்கை நூல் 16ஆம் அதிகாரம் இன்னும் பயங்கரம். கோராகும் அவனோட சேந்த ஆக்களும், சனத்தப் பாலைவனத்தால கூட்டிக்கொண்டு போன மோசேக்கு எதிரா எழும்பினவை, நிலம் வாயத் திறந்து விழுங்கினது, தூபம் காட்டின 250 பேர நெருப்பு எரிச்சது. இத கண்ணால பாத்த சனம் எவ்வளவு காலம் அடங்கி இருந்திருக்கும் எண்டு நினைக்கிறீங்க? அடுத்த நாளே முழுச் சனமும் மோசேயிட்ட வந்து நீங்கதான் ஆண்டவர்ட சனத்தக் கொண்டு போட்டீங்க எண்டு முறுமுறுக்குது. அதுக்கு வந்த கொள்ளை நோயில 14,700 பேர் சாகினம். பிறகும் 21ஆம் அதிகாரத்தில முறுமுறுப்பு, பாம்பு கடிச்சுச் சாகினம், அதுக்கு மருந்தா கடவுளே வெண்கலப் பாம்பு ஒண்டச் செய்து கம்பத்தில வைக்கச் சொல்றார், பாத்தவை பிழைக்கினம். அதோட முடிஞ்சுதா? சில நூறு வருசம் கழிச்சு 2 அரசர்கள் 18ல எசேக்கியா அரசர் அந்தப் பாம்ப உடைச்சு நொருக்கிறார், ஏனெண்டா சனம் அதுக்கு தூபம் காட்டிக்கொண்டு இருந்திருக்கு. தண்டனையும் நெஞ்ச மாத்தேல்ல, தப்ப வைச்ச மருந்தும் நெஞ்ச மாத்தேல்ல, அந்த மருந்தையே அடுத்த பாவமாக்கிப் போட்டினம்.

நீதித்தலைவர்கள் புத்தகம் முழுக்க இதேதான், விழுறது, அடிபடுறது, அழுறது, எழும்புறது, திரும்ப விழுறது. இறைவாக்கினர் ஆமோஸின்ட புத்தகம் 4ஆம் அதிகாரத்தில பஞ்சம் அனுப்பினன், மழைய நிப்பாட்டினன், பயிரக் கருக்கினன், கொள்ளை நோய் அனுப்பினன், சோதோம் மாதிரிக் கவிழ்த்தன் எண்டு கடவுள் ஒவ்வொண்டாச் சொல்லி, ஒவ்வொரு தரமும் "ஆனாலும் நீங்கள் என்னிடம் திரும்பி வரேல்ல" எண்டு முடிக்கிறார், 5 தரம். அத வாசிக்கேக்க எனக்குக் கேக்கிறது கோவம் இல்ல, களைச்சுப்போன ஒரு தகப்பன்ட குரல். அதாலதான் எரேமியா 31லயும் எசேக்கியேல் 36லயும் கதை வேற பக்கம் திரும்புது. இன்னும் பெரிய அடி தாறன் எண்டு சொல்லேல்ல, நெஞ்சிலயே என்ட சட்டத்த எழுதுவன் எண்டு எரேமியாவிலயும், கல்லு நெஞ்ச எடுத்துப்போட்டு சதையால ஆன நெஞ்சு தாறன் எண்டு எசேக்கியேலிலயும் சொல்லப்படுது. அங்கதான் உங்கட கேள்விக்கு பதில் இருக்கு எண்டு நான் நினைக்கிறன். தண்டனை வெளியில இருந்து கையப் பிடிக்கும், காலக் கட்டும். ஆசை இருக்கிற இடத்துக்கு அது போகாது. பவுல் கூட உரோமையர் 7ல தான் விரும்புற நல்லதச் செய்யாம விரும்பாத கெட்டதத்தான் செய்யிறன் எண்டு எழுதுறார், அவர் ஆர், திருத்தூதர். எங்கட திருச்சபையும் 1546ல, ஆயர்மார் கூடின திரெந்து பொதுச்சங்கத்தில, ஞானஸ்நானம் பிறக்கேக்கயே வாற ஜென்மப் பாவத்தப் போக்கும், ஆனா பாவத்தப் பக்கம் இழுக்கிற அந்த நாட்டம் ஞானஸ்நானம் பெற்ற ஆக்களிலயும் மிச்சம் இருக்கும், அதோட போராடத்தான் வேணும் எண்டு தெளிவாச் சொன்னது. செய்த பாவத்தக் குருவிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கிற பாவசங்கீர்த்தனம் எண்டு ஒண்டு வைச்சிருக்கிறதே அதுக்குத்தானே.

இப்ப நான் ஏன் இதுக்கு இவ்வளவு கொதிச்சு எழுதுறன் எண்டு சொல்லுறன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, இலங்கையில குண்டுகள் வெடிச்ச நாள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள், எல்லாமாச் சேத்து 250க்கு மேல உயிர் போச்சு. எங்கட பக்கத்தில ஒழுங்கைக்கு ஒழுங்கை வெள்ளைக் கொடி. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, பக்கத்து ஃப்ளாட்தான், அவவின்ட தங்கச்சியும் தங்கச்சியின்ட மகளும் கொச்சிக்கடையில போயிட்டினம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போன பிள்ளை.

அடக்கம் எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாளால ஒரு ஜெபக் குழுவில இருந்து ஆக்கள் அக்கா வீட்ட வந்தவை. எந்தக் குழு எண்டு சொல்ல மாட்டன், அதுக்கு அவசியமும் இல்ல. அரிசி, பருப்பு, மா, சீனி எண்டு பொதி கொண்டு வந்தவை, அதுக்கு நன்றி. பாட்டுப் பாடி ஜெபிச்சிட்டு எழும்பேக்க வந்த பிரசங்கியார் சொன்னாராம், சிலைய வணங்கிற இடத்தில கடவுள்ட கோபம் இறங்கிச்சு, மிச்சம் இருக்கிற நீங்களாவது எச்சரிக்கையா இருங்க எண்டு.

நான் பின்னேரம் போனன். அக்கா குசினியில கதிரையில இருக்கிறா, அடுப்பு பத்த வைக்கேல்ல, கொண்டு வந்த பொதி கட்டு அவிழ்க்காம மேசையில அப்பிடியே கிடக்கு. சாமி தட்டில அந்தோனியார் சிலை இல்ல. எங்க எண்டு கேட்டா பேசாம கட்டிலுக்குக் கீழ காட்டினா. பேப்பரில சுத்தி, சீலைத் துண்டு ஒண்டால கட்டி வைச்சிருக்கிறா. எறியவும் மனம் வரேல்ல, தட்டில வைக்கவும் பயம். பிறகு என்னப் பாத்து "நீ படிப்பிக்கிற பிள்ளைதானே, அவள் செய்த பாவம் என்ன எண்டு எனக்கு விளங்கப்படுத்து. இந்தச் சின்னது செய்த பாவம் என்ன?" எண்டு கேட்டா. அழேல்ல. அழுதிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

நான் ஒண்டும் விளங்கப்படுத்தேல்ல. லூக்கா 13ஐ எடுத்துக் குடுத்தன். கலிலேயர் சில பேர் பலி குடுத்துக்கொண்டு இருக்கேக்க உரோமை ஆளுநர் பிலாத்து அவையக் கொண்டு போடுறான், அவையின்ட ரத்தம் அவை குடுத்த பலியோட கலக்குது. வழிபாட்டில நிண்ட சனம்! அந்தச் செய்தியக் கொண்டுவந்து யேசுவிட்ட சொல்லினம். அவர் கேக்கிறார், இப்பிடிச் செத்ததால இவை மற்றக் கலிலேயர விடப் பெரிய பாவிகள் எண்டு நினைக்கிறீங்களா? இல்ல எண்டு அவரே பதிலும் சொல்றார். சீலோவாமில கோபுரம் விழுந்து செத்த 18 பேரையும் இழுத்து அதையே திரும்பவும் சொல்றார். இல்ல, இல்ல எண்டு ரெண்டு தரம். அக்கா விரல வைச்சு எழுத்துக் கூட்டி ரெண்டாம் தரமும் வாசிச்சா. "அப்ப இதையே அவரிட்டயும் கேட்டிருக்கினம்" எண்டு மட்டும் சொன்னா. அண்டைக்கே அந்தோனியார எடுத்து வைச்சா எண்டு நான் கதை விட மாட்டன், கன காலம் கட்டிலுக்குக் கீழதான் இருந்தவர், கோயில திருத்தித் திறந்த பிறகும் அவ கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகேல்ல.

இத வாசிச்சிட்டு அதே வசனத்தில "மனம் மாறாவிட்டால் நீங்களும் அப்பிடியே அழிவீங்க" எண்டும் இருக்குதே எண்டு கேக்க வருவீங்க, தெரியும். இருக்குத்தான். ஆனா அது செத்த ஆக்களப் பற்றிச் சொன்ன வசனம் இல்ல, நிண்டு செய்தி சொல்லிக்கொண்டு இருந்த ஆக்களப் பாத்துச் சொன்னது. செத்த வீட்டில வந்து நிண்டு பேசிற ஆக்களுக்கும் சேத்துத்தான். பிள்ளையளையும் சொத்தையும் இழந்து நிண்ட யோபுவின்ட கூட்டாளிமாரும் நீ செய்த பாவத்துக்குத்தான் இது எண்டு அதிகாரம் அதிகாரமாப் பேசினவை, கடைசியில 42ஆம் அதிகாரத்தில கடவுளுக்குக் கோவம் வந்தது யோபுவில இல்ல, அவையிலதான்.

தண்டனையே இல்ல, கடவுள் எல்லாத்துக்கும் தலையாட்டுவார் எண்டு நான் சொல்ல வரேல்ல. எபிரேயர் 12ல தகப்பன் பிள்ளையக் கண்டிக்கிற மாதிரி எண்டு இருக்கு, அத நான் ஏற்கிறன். ஆனா இன்ன நாள் இன்ன இடத்தில நடந்தது இன்னாருக்கு வந்த தண்டனை எண்டு எழுதிக் குடுக்க இண்டைக்கு ஆருக்கும் அதிகாரம் இல்ல. 2004 சுனாமிக்கும் இதத்தான் சொன்னவை, கொரோனாவுக்கும் இதத்தான் சொன்னவை. அதோட இன்னொரு அநியாயமும் நடக்குது, கடவுள்ட தலையில போட்டா மனுசர் தப்பிடுவினம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு முதலே புலனாய்வுத் தகவல் வந்தும் உரிய ஆக்கள் நடவடிக்கை எடுக்கேல்ல எண்டு 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவ 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அது கடவுள்ட கோபம் எண்டா நீதிமன்றம் எதுக்கு, சனம் இவ்வளவு வருசம் நீதி கேட்டு றோட்டில நிண்டது எதுக்கு?

       பத்து வருசம் மறைக்கல்விக்கு வந்தும் நோவாவின்ட பேழைக்கு மேல ஒண்டும் தெரியாத பிள்ளைக்கு, வளந்த பிறகு ஆரும் மைக்கப் பிடிச்சு சோதோம் எண்டு கத்தினா பயம் வராம என்ன வரும்? சோதோம் செய்த பாவம் என்ன எண்டு எசேக்கியேல் 16:49ல இருக்கு, வயிறு முட்டச் சாப்பிட்டு சுகமா இருந்துகொண்டு ஏழைக்குக் கை குடுக்காத அகங்காரம் எண்டு. அத எந்த மேடையிலயும் நான் கேக்கேல்ல.

சரி, உங்களுக்கு வாறன். தண்டனை தோத்துப் போச்சா எண்டு கேட்டீங்க. தண்டனையால முடியாத வேலை அது, அதாலதான் சிலுவை வரைக்கும் போக வேண்டி வந்தது எண்டு நான் நம்புறன், நீங்க நம்பாட்டியும் பிரச்சினை இல்ல. ஆனா ஒரு காரியம் மட்டும் செய்யுங்க. லூக்கா 13ல யேசு அந்தப் பேச்ச 5ஆம் வசனத்தோட விடேல்ல. உடன ஒரு அத்தி மரத்தின்ட கதை சொல்றார், மூண்டு வருசமாக் காய்க்காத மரம், சொந்தக்காரன் வெட்டு எண்டுறான், தோட்டக்காரன் ஐயா இந்த வருசமும் விடுங்கோ, நான் சுத்திக் கொத்தி எரு போட்டுப் பாக்கிறன் எண்டுறான். உங்கள இனி ஆரும் தண்டனை எண்டு பயப்படுத்தினா அந்த அதிகாரத்த முதல் வசனத்தில இருந்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, 5ஆம் வசனத்தில புத்தகத்த மூட விடாதேங்கோ, 9 வரைக்கும் வாசிக்க வையுங்கோ.