விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் போடுவது எப்படி?

கேள்வி: என் லேப்டாப்பில் 6ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டது. டேலி கணக்கு இருப்பதால் விண்டோஸ் 10-ஐ விடவும் முடியாது. பக்கத்திலேயே லினக்ஸ் போட முடியுமா? படங்கள், கோப்புகள் போய்விடுமா?

பதில்: தாராளமாகப் போடலாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், இணைய வேலைகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு விண்டோஸை டேலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 4 ஜிபி ராமுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22, அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தம். 2029 வரை அப்டேட் வரும்.

லினக்ஸ் நிறுவ அரை மணி நேரம் போதும். கோப்புகள் பறிபோவதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன் விண்டோஸில் செய்யாமல் விட்ட வேலைகளால்தான். டேலி டேட்டாவையும் படங்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. அது ஓடிக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பூட் (கணினி தொடங்கும்) அமைப்பு மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். பிறகு கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணையுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைப் படிக்கலாம், எழுத முடியாது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை 'ஷ்ரிங்க்' செய்து 100 ஜிபி காலி இடம் எடுங்கள். இடம் நிறைய இருந்தும் குறைவாகவே தருகிறதா? நகர்த்த முடியாத பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். காலி இடத்தை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விடுங்கள்.

சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோட்' என்ற வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றிருந்தால் ரூஃபஸ் என்ற பென் டிரைவ் எழுதும் மென்பொருளில் ஜிபிடி, லெகஸி (பழைய பூட் முறை) என்றிருந்தால் எம்பிஆர் தேர்ந்து, 8 ஜிபி பென் டிரைவில் மின்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் கோப்பு) எழுதுங்கள் (அதில் உள்ளதெல்லாம் அழியும்). பென் டிரைவும் அதே முறையில்தான் பூட் ஆக வேண்டும். முறை மாறிப் போட்டால் விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம் என்று ஒன்றின் மெனுவில் மற்றொன்று தெரியாது.

பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9. மின்ட் திறந்ததும் நிறுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள்: வைஃபை, ஒலி, பிரிண்டர். பிராட்காம் வைஃபை என்றால் வேலை செய்யாமல் போகலாம். போனை யூஎஸ்பி டெதரிங்கில் (போனின் இணையத்தைக் கேபிள் வழியே தருவது) இணைத்து, நிறுவியபின் டிரைவர் மேனேஜரில் டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

நிறுவும்போது 'எரேஸ் டிஸ்க்' பக்கமே போகாதீர்கள். 'சம்திங் எல்ஸ்' சென்று, காலி இடத்தில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு அமைப்பு) பகுதி உருவாக்கி, மவுன்ட் பாயின்ட்டாக ஒரு சாய்கோடு (/) கொடுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் பூட் கோப்புகளுக்காக ஏற்கெனவே இருக்கும் சிறிய இஎஃப்ஐ பகுதியே போதும். அதை ஃபார்மட் செய்தால் விண்டோஸ் எழும்பாது. ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) தனியாக வேண்டாம், கோப்பாகத் தானே உருவாகும்.

நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பக முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டியில் இருக்கும். லினக்ஸுக்குத் டிஸ்க் தெரியும் ஏஎச்சிஐ முறைக்கு நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து 'சேஃப் பூட்' போட்டு, ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறியபின் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தும் நேராக விண்டோஸே திறந்தால் லினக்ஸ் ஏறவில்லை என்று மறுபடி நிறுவ வேண்டாம். பயாஸில் பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட் அந்தப் பெயரில்தான் பதிவாகும்.

வேகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: ஹார்ட் டிஸ்க்கில் எந்த லினக்ஸும் பறக்காது. ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மின்டை அதில் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். டிவிடி டிரைவ் உள்ள மாடல் என்றால் அதைக் கழற்றி, அந்த இடத்தில் டிஸ்க்கைப் பொருத்தும் 'கேடி' என்ற சட்டத்தை மாட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கையும் விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்ளலாம்.