குழந்தை சாப்பாட்டைக் குறைத்துவிட்டதா? எப்படி அளப்பது?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. இரண்டு மாதமாகப் பாதிகூடச் சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. என் கணவரோ, எப்போதும் போலத்தான் சாப்பிடுகிறான் என்கிறார். உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நினைவை மட்டும் நம்பி இதற்கு முடிவு சொல்ல முடியாது. அவன் தட்டைத் தள்ளிவிட்டு ஓடிய வேளைகள்தான் மனதில் நிற்கும். பேசாமல் சாப்பிட்டு முடித்த வேளைகள் மறந்துபோகும். அதனால் எழுதிப் பாருங்கள்.

வாரத்தில் மூன்று நாட்கள் எழுதினால் போதும். அடுத்தடுத்த நாட்களாக இல்லாமல், ஒன்று விடுமுறை நாளாகவும் இருக்கட்டும். தட்டில் எவ்வளவு வைத்தீர்கள் என்பதை மட்டும் எழுதாமல், எவ்வளவு மிச்சம் வைத்தான் என்பதையும் எழுதுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கிண்ணமும் கரண்டியும் டம்ளரும் மாறக்கூடாது. சாப்பிட்ட கையோடு குறித்துவிடுங்கள். இரவில் யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும்.

அப்புறம் பால், ஜூஸ், பிஸ்கட், மற்றவர் கையிலிருந்து வாங்கித் தின்றது எல்லாமே கணக்கில் வர வேண்டும். தினமும் அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குச் சாப்பாட்டு நேரத்தில் பசி எடுக்காது, இரும்புச்சத்தும் குறையலாம். ‘சாப்பிடவே மாட்டேன் என்கிறான்’ என்று அழைத்துவரப்படும் பல குழந்தைகளிடம் நான் முதலில் பார்ப்பது இந்தப் பால் கணக்கைத்தான்.

எழுதும் நாட்களில் கெஞ்சியோ மிரட்டியோ ஊட்டாதீர்கள். ஊட்டினால் அவன் பசியின் அளவு தெரியாது, உங்கள் முயற்சியின் அளவுதான் தெரியும். சில வாரங்கள் கழித்து இதே முறையில் இன்னொரு மூன்று நாள் எழுதி, முழு நாள் அளவை முழு நாள் அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு வேளையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். காலையில் கொறித்தவன் மதியத்தில் அதை ஈடுகட்டிவிடுவான், இந்த வயதில் அது இயல்பு.

சரி, இரண்டு மாதத்துக்கு முன்பு இருந்த நிலை? அதற்குக் குறிப்பு இல்லை, ஆனால் தடுப்பூசி அட்டையில் பழைய எடையும் உயரமும் இருக்கலாம். முதல் வருடத்தில் பிறந்த எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பிறகோ வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் கூடும். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். பழைய எடையையும் இப்போதைய எடையையும் வளர்ச்சி வரைபடத்தில் (வயதுக்கு ஏற்ப எடை கூடுவதைக் கோடாகக் காட்டும் படம்) குறித்துத் தரும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். கோடு பழைய பாதையிலேயே போனால் அவனுக்குத் தேவையானது கிடைக்கிறது என்று பொருள். வாராவாரம் எடை பார்க்க வேண்டாம். குடித்த தண்ணீரே எடையைக் கூட்டிக் குறைத்துக் காட்டிவிடும். மாதம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், செருப்பில்லாமல், லேசான உடையில் பாருங்கள்.

எடை இறங்கினாலோ, விழுங்கும்போது வலித்தாலோ புரையேறினாலோ, அடிக்கடி வாந்தி, விடாத காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு இருந்தாலோ, விளையாடாமல் சோர்ந்து கிடந்தாலோ, முன்பு விரும்பிச் சாப்பிட்டவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தாலோ, குறிப்பு எழுதி முடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.