ஒன்பது மணி மாத்திரை

கேள்வி: ஆறு வாரமாக எச்.ஐ.வி-க்கான ஏ.ஆர்.டி மாத்திரை சாப்பிடுகிறேன். மாமியாருக்கு விஷயம் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் சீரியலில் மூழ்கியிருக்கும்போது அடுப்படியில் நின்று விழுங்கிவிடுவேன். இப்போது தூக்கமே போய்விட்டது. இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் கண் செருகுகிறது. மகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன், அப்புறம் நானே அழுகிறேன். என் கணவருக்கும் இதே மாத்திரைதான், படுத்ததும் குறட்டை. இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கட்டுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: நிறுத்தாதே தங்கச்சி. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும். முதலில் நேரத்தை மாற்றிப் பார்ப்போம்.

பாட்டிலில் டோலுடெக்ராவிர் என்ற பெயர் இருக்கிறதா பார். இப்போது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அது கலந்த மாத்திரைதான் தருகிறார்கள். அது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், மனசையும் ஆட்டும். எல்லோருக்கும் அப்படி இல்லை. அதனால்தான் உன் வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார். அதைக் காலையில் சாப்பிடலாம்.

ராத்திரிப் பழக்கம் பழைய எஃபாவிரென்ஸ் மாத்திரை விட்டுப்போனது. தலைசுற்றும் என்பதால் படுக்கப்போகும்போது விழுங்கச் சொல்வார்கள். நானும் அதைச் சாப்பிட்டவள்தான். ஒருமுறை கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டுவிட்டேன். கொழுப்போடு சேர்ந்தால் அது ரத்தத்தில் கூடுதலாக ஏறும் என்பது அப்போது தெரியாது. பாத்ரூம் போக எழுந்தால் தரை தொட்டில் மாதிரி ஆடுகிறது. திரும்பிவந்து படுத்தால், செத்துப்போன எங்கள் அமுச்சி கனவில் வந்து விடிய விடிய கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு இலையும் இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது சிரிப்பு வருகிறது; அன்றைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன்.

உன் மாத்திரை எஃபாவிரென்ஸாக இருந்தால் நீயாக நேரத்தை மாற்றாதே. எதுவானாலும் மாத்திரை தரும் ஏ.ஆர்.டி மையத்து டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். காலைக்கு மாற்றும்போது நடுவில் ஒரு நாள் விட்டுவிடாமல், அடுத்ததைக் கொஞ்சம் முன்னதாகப் போட்டுக்கொள்வதுதான் வழி. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா? வெறும் வயிற்றில் இவற்றோடு சேர்த்து டோலுடெக்ராவிரைப் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இதை முதலில் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அவற்றைச் சாப்பிடு.

காலையில் மாமியார் அடுப்படியில் இருப்பார், இல்லையா? அன்றன்றைக்கு ஒரு மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டு சாப்பாட்டுப் பையில் வை. கம்பெனிக்குப் போனதும் விழுங்கு. நான் பல வருஷம் காலிக் குங்குமச் சிமிழில்தான் கொண்டுபோனேன். பாட்டில் மட்டும் மூடியபடி வீட்டிலேயே இருக்கட்டும், ஈரம் படக்கூடாது.

மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதே. நேரம் மாற்றியும் இரண்டு வாரத்தில் தூக்கம் வராவிட்டால், மாத்திரை வாங்கும் தேதிவரை காத்திருக்காமல் மையத்துக்குப் போ. மருந்தை மாற்றவும் வழி உண்டு. அழுகையையும் சேர்த்துச் சொல், மறைக்காதே. சாகலாம் போல ஒரு எண்ணம் தட்டினால் அன்றைக்கே போக வேண்டும். ராத்திரியானால் அரசாங்க மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடு, தமிழிலேயே பேசலாம்.

அதுவரை மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற வேலையை வீட்டுக்காரரிடம் விடு. ராத்திரி பூராவும் தூங்குகிறவருக்கு அந்தத் தெம்பு இருக்கும்.