மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே எளிதாக என்ன பெயிண்டிங் கொடுக்கலாம்?

வாடகை வீடு, மாடி போர்ஷன், மழைக்கு வெளியே விட முடியவில்லை, அதனால் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

பிரஷ் இப்போதைக்கு வேண்டாம். விரலே போதும். ஒரு கப் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கொஞ்சம் உப்புப் போட்டு, கூழாகக் காய்ச்சி ஆறவிடுங்கள். பீட்ரூட் சாறு, மஞ்சள்தூள், கீரை அரைத்த சாறு என்று தனித்தனிக் கிண்ணத்தில் கலந்துவிடலாம். பீட்ரூட் காய்ந்தால் பழுப்பாகிவிடும், குழந்தைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நக்கினாலும் பயமில்லை, ஒருதரம் உப்புக் கரித்தால் அப்புறம் வாயில் வைக்காது.

என் மகளுக்கு ரொம்பப் பிடித்தது மஞ்சள். வீட்டுக்கு அரைத்த மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுவேன். ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் விரலைத் தொட்டு அவள் இழுப்பாள். இழுத்த இடமெல்லாம் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சள். முதல்முறை பார்த்த என் மாமியார், "இது ஆலம் சுத்துற தண்ணிதானேடி!" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆமாம், அதே சங்கதிதான், ஆலத்தில் சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு. ஆனால் சுண்ணாம்பு மட்டும் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. உடுப்பில் மஞ்சள் கறை பட்டால் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், வெளுத்துவிடும்.

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு வைத்தால் பூப்பூவாக விழும். சாப்பாட்டுப் பொருளை வீணாக்கலாமா என்று கீழே எழுத வருபவர்களுக்கு: நுனி ஒடியாத முற்றலைத்தான் சொல்கிறேன், எப்படியும் குப்பைக்குப் போகிற காய். வெள்ளை மெழுகுவத்தியால் தாளில் கிறுக்கவிட்டு மேலே வாட்டர் கலர் பூசுவதும் நன்றாக இருக்கும், கிறுக்கினது மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் படம் வரைந்து கொடுத்து, கோட்டுக்குள் அடி என்று சொல்லாதீர்கள். நீல ஆப்பிள் வரைந்ததற்காக என் மகளை எல்.கே.ஜி.யில் திரும்பச் சிவப்பு அடிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எந்தத் தாளைக் கொடுத்தாலும் "என்ன கலர்மா அடிக்கணும்?" என்று என் முகத்தைத்தான் பார்ப்பாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுவர் கெடுமே என்ற கவலை இருக்கும். தரையில் நியூஸ்பேப்பர் விரித்து, சுவரைவிட்டுத் தள்ளி நடுக்கூடத்தில் உட்கார வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், சுவரில் ஒரு பொட்டு விழவில்லை. ஆனாலும் காலி செய்தபோது "குழந்தை இருந்த வீடு" என்று சொல்லி, வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. வீடு தேடிப் பாருங்கள், யார் அதை மதிக்கிறார்கள்? எல்லா வீட்டுக்காரரும் அப்படி என்று சொல்லவில்லை. குடிபோகிற அன்றே நான்கு சுவரையும் போட்டோ எடுத்து, வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதை அக்ரிமென்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.