வெளுத்த காருக்கு எந்த நிறம்?

கேள்வி: தந்தையார் பயன்படுத்திய, 1960-களைச் சேர்ந்த இளநீல ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைச் சீர்செய்து வருகிறோம். டிங்கரிங் முடிந்து ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்தோம். கடையில் கணினி மூலம் கலந்து கொடுத்த நிறம் மற்ற பாகங்களோடு சேரவே இல்லை. கார் முழுவதையும் அடித்தால்தான் சரியாகுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அவசியமில்லை. கடைக்காரருக்கு எந்த இடத்து நிறத்தைக் காட்டினீர்கள் என்பதே முதல் கேள்வி. பல்லாண்டு வெயிலில் நின்ற காருக்கு ஒரே நிறம் இருப்பதில்லை. கூரை வெளுத்திருக்கும், எஞ்சின் அருகே சூட்டில் பழுப்பேறியிருக்கும், கதவு ரப்பருக்கும் டிக்கி விரிப்புக்கும் அடியில் மட்டுமே பழைய நீலம் அப்படியே இருக்கும். முழுக் காரையும் அடிப்பவர்தான் அந்த மறைவிடத்து நிறத்தைத் தேட வேண்டும். கதவை மட்டும் அடிக்கும் நீங்கள், அதை ஒட்டியுள்ள பாகத்தை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, மேலே படிந்த வெளுப்பை நீக்கிவிட்டு, அங்கே தெரியும் நிறத்தையே மாதிரியாகக் கொடுங்கள்.

கலவையை டப்பாவில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயின்ட் காய்ந்ததும் நிறம் மாறும். காருக்கு அடிக்கப்போகும் அதே பிரைமரை ஒரு சிறு தகட்டில் பூசி, அதே ஸ்பிரே கன்னால் அதே எண்ணிக்கையில் கோட் கொடுத்து, நன்றாகக் காய்ந்தபின் கதவோரம் வைத்து வெயிலிலும் நிழலிலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் பாருங்கள். நிறமிகள் வேறாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் பொருந்துவது இன்னொன்றில் காட்டிக்கொடுத்துவிடும்.

1961 முதல் சென்னையிலேயே தயாரான இந்தக் காரில் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே பாகமாக முன்னோக்கித் திறக்கும் என்பதால், முன்புறம் சிறிது அடிபட்டிருந்தாலும் அந்தப் பாகம் முழுவதையும் ஒரே கலவையில் அடித்து, கதவின் இடைவெளியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காலத்துப் பெயின்டின் பளபளப்பு தேய்த்துப் பாலிஷ் போட்டு வந்தது. கிளியர் அடித்தால் ஷோரூமில் நிற்கும் புதுக் கார் போலாகிவிடும். கிளியர் தேவைப்படாத பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட் வெயிலையும் தாங்கும். ஆனால் அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சுக்குழலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது; கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கிற வழக்கம் நம் பட்டறைகளில் ஒழிய வேண்டும்.

கேள்வி: மழை நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடுகிறதே, ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரை மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால், வானம் வெளுத்தபின் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.