அவன் வாயை ஏன் மூடினீர்கள்?

கேள்வி: எனக்கு 46 வயது. அரிசி மொத்த வியாபாரம் செய்கிறேன். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பழைய காலத்துச் சீனாவில் அரசாங்கப் பரீட்சைக்கு எப்படிப் படித்தார்கள் என்று வரும் வீடியோக்களை விடாமல் பார்ப்பேன். தூங்கி விழாமல் இருக்கத் தலைமுடியை உத்தரத்தில் கட்டிக்கொண்டவர், தொடையில் ஊசியால் குத்திக்கொண்டவர் என்று இரண்டு பேர் படத்தைப் பிரிண்ட் எடுத்து, மகனின் மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். நான்கு மாதமாக அதிகாலை நான்கரைக்கு எழுப்புகிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று கைடு வாங்கித் தந்திருக்கிறேன். கடையை மூடிவிட்டு வந்து இரவு பத்தரை வரை நானே பக்கத்தில் உட்காருகிறேன். என் அம்மா படுத்த படுக்கை. முன்பெல்லாம் பாட்டியின் கட்டிலில் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டபடி பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பான். நேரம் வீணாகிறதே என்று அதை நிறுத்தி, தனி அறையில் மனசுக்குள் படிக்கச் சொல்லிவிட்டேன். ஆனாலும் மார்க் குறைந்துகொண்டே போகிறது. என்னிடம் முகம் கொடுத்தும் பேசுவதில்லை. சீனர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தார்கள்? படித்ததை ஞாபகத்தில் நிறுத்த என்ன உத்தி வைத்திருந்தார்கள்?

பதில்: இதே கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. சிலதில் சீனாவுக்குப் பதில் ஜப்பான் இருக்கும், சிலதில் யாரோ ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் டைம்டேபிள் இருக்கும். 'கவலைப்படாதீர்கள், நீங்கள் நல்ல அப்பா' என்று தொடங்கும் பதிலை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே ஒரு இடம். பாட்டியின் காலைப் பிடித்துவிட்டபடி வாசித்துக்கொண்டிருந்த பையனை எழுப்பித் தனி அறைக்கு அனுப்பினீர்களே, அந்த இடம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் தாண்டிப் போவதாக இல்லை.

நீங்கள் வீடியோவில் தேடிக்கொண்டிருக்கிற சீன முறை, உங்கள் அம்மாவின் கட்டிலில் தினமும் நடந்துகொண்டிருந்தது.

ஜூ ஷி என்று ஒருவர், 1130-இல் பிறந்து 1200-இல் இறந்தவர். கன்ஃபூசியஸ் வழி நூல்களுக்கு அவர் எழுதிய உரைகளை 1313-இல் அரசுப் பரீட்சைக்கு ஆதாரமாக்கினார்கள். 1905-இல் அந்தப் பரீட்சை ஒழிக்கப்படும் வரை பிள்ளைகள் அவரைத்தான் உருப்போட்டார்கள். அவர் சிறுவர்களுக்கு எழுதிய ஒழுங்குமுறை இப்படிப் போகிறது: மேஜையைச் சுத்தம் செய், புத்தகத்தை நேராக வை, நிமிர்ந்து உட்கார், எழுத்து எழுத்தாக உரக்க வாசி. ஓர் எழுத்து தப்பக் கூடாது, குறையக் கூடாது, கூடக் கூடாது, முன்பின்னாக மாறவும் கூடாது. அப்புறம்தான் அந்தப் புகழ்பெற்ற மூன்று விஷயங்களைச் சொல்கிறார். படிக்கிற இடத்துக்கு மனம் வர வேண்டும், கண் வர வேண்டும், வாய் வர வேண்டும். மூன்றிலும் முக்கியம் மனம். மனம் வந்துவிட்டால் கண்ணும் வாயும் வராமலா போகும் என்று கேட்கிறார்.

வாயை நீங்கள் மூடிவிட்டீர்கள். மனம் பாட்டியின் அறையில் இருக்கிறது. மிச்சமிருப்பது கண் ஒன்று. அது சுவரில் தொடையைக் குத்திக்கொள்கிற ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உத்தி கேட்டீர்கள். மங்கோலியர் சீனாவை ஆண்ட யுவான் ஆட்சிக் காலத்தில் செங் துவான்லி என்பவர், வீட்டுப் பள்ளிகளுக்கு ஆண்டுவாரியாக, நாள்வாரியாக ஒரு திட்டமே போட்டுக் கொடுத்தார். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரி. ஒவ்வொரு துண்டையும் பார்த்து நூறு தடவை வாசி, பார்க்காமல் நூறு தடவை சொல். அவ்வளவுதான், வேறு மந்திரம் கிடையாது. (கிளி மாதிரி ஒப்பித்து வீணாய்ப் போனவர்களும் அங்கே உண்டு. யோசிக்காமல் படித்தால் குழப்பம், படிக்காமல் யோசித்தால் ஆபத்து என்று கன்ஃபூசியஸ் சும்மா சொல்லவில்லை.)

நீங்கள் வியாபாரி. உங்களுக்குப் புரிகிற கணக்கில் சொன்னவரும் ஒருவர் இருக்கிறார். ஸெங் குவோஃபான், சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் ஆட்சியின் பெரிய படைத்தலைவர். 1858-இல், படைப் பொறுப்புக்குத் திரும்பிப் போகும் வேளையில் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பார்ப்பது, வாசிப்பது, எழுதுவது, சொந்தமாக இயற்றுவது என்ற நான்கில் ஒன்றுகூட ஒரு நாளும் விடுபடக் கூடாது என்றார். கண்ணால் பார்த்துக்கொண்டே போவது, வெளியூர் போய் வியாபாரம் செய்து மூன்று மடங்கு லாபம் பார்ப்பது போல. வாய்விட்டு வாசிப்பது, வீட்டில் இருந்தபடி, சேர்த்த சொத்தைச் சிந்தாமல் காப்பது போல. இரண்டும் வேண்டும் என்கிறார். உங்கள் மகன் நான்கு மாதமாகச் சரக்கு வாங்கி இறக்கிக்கொண்டிருக்கிறான், குடோனுக்குக் கதவில்லை. மார்க் ஏன் குறைகிறது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

சரி, சுவரில் ஒட்டிய ஆளுக்கு வருகிறேன். தொடையைக் குத்திக்கொண்டவர் பெயர் சூ சின். ரத்தம் பாதம் வரை வழிந்தது என்று பழைய நூல் சொல்கிறது. அதற்குச் சற்று முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று வீடியோக்காரர்கள் சொன்னார்களா? சின் நாட்டு அரசனிடம் போன காரியம் பலிக்காமல், கையில் காசில்லாமல் வீடு திரும்புகிறார். மனைவி தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணி அடுப்பு மூட்டவில்லை. பெற்றவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் எடுத்த ஊசி அது. பிற்பாடு பதவியும் பொன்னும் வந்ததும் அதே அண்ணி தரையில் ஊர்ந்து வந்து வணங்கினாள். அப்படியொரு குடும்பம் நடத்த ஆசையிருந்தால் படம் அங்கேயே இருக்கட்டும்.

இந்தப் படிப்புத் தியாகிகளைச் சீனர்களே கேலி செய்திருக்கிறார்கள். மின்மினியைப் பையில் அடைத்து அந்த வெளிச்சத்தில் படித்தவர் ஒருவர், வெளியே கிடந்த பனியின் வெளிச்சத்தில் படித்தவர் ஒருவர், இரண்டு பேரும் பாடப்புத்தகப் பிரபலங்கள். பழைய நகைச்சுவைக் கதை ஒன்றில், பனிக்காரர் ஒரு பகலில் மின்மினிக்காரரைப் பார்க்கப் போகிறார். ஆள் வீட்டில் இல்லை, மின்மினி பிடிக்கப் போயிருக்கிறார். பதிலுக்கு மின்மினிக்காரர் பனிக்காரரைப் பார்க்கப் போனால், அவர் முற்றத்தில் சும்மா நிற்கிறார். 'ஏன் படிக்கவில்லை?' என்றால், 'வானத்தைப் பார்த்தேன், இன்றைக்குப் பனி விழும் என்று தோன்றவில்லை' என்கிறார். உங்கள் நான்கரை மணி அலாரம் எனக்கு இந்தக் கதையைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

இனி அந்த 'நேரம் வீண்'. இளையவர்களுக்குக் கன்ஃபூசியஸ் போட்ட வரிசையைக் கேளுங்கள். வீட்டில் பெற்றோருக்குப் பிள்ளையாக நட. வெளியே மூத்தவர்களிடம் பணிவாக இரு. பேச்சில் கவனமும் நம்பகமும் வேண்டும், எல்லோரிடமும் அன்பு வேண்டும். இதெல்லாம் செய்த பிறகு தெம்பு மிச்சமிருந்தால் ஏட்டைத் தொடு. மிச்சத்தில்தான் படிப்பு. யாரும் சொல்லாமல் உங்கள் மகன் அந்த வரிசையில் இருந்தான். கால் பிடித்துவிடுவது வீண்வேலை என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள். முப்பது வருஷம் கழித்து உங்கள் கால் வலிக்கும்போது இந்தப் பாடத்தை அவன் மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்களைவிட வயதில் மூத்தவள் என்கிற உரிமையில் இன்னொன்றும் கேட்கிறேன். கடையை மூடிவிட்டு வந்ததும் மகன் பக்கத்தில் உட்காருகிறேன் என்கிறீர்கள். அம்மாவின் பக்கத்தில் எப்போது உட்காருகிறீர்கள்? கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அது இல்லை. பெரியவர்கள் தம் பிள்ளைக்குத் தாமே பாடம் சொல்வதில்லையே, ஏன் என்று கன்ஃபூசியஸ் வழிவந்த ஞானி மென்சியஸிடம் ஒருவர் கேட்டார். அது நடக்காத காரியம் என்றார் அவர். ஒழுங்காக இரு என்று அப்பா சொல்வார், பிள்ளை கேட்காவிட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் இரண்டு பேருக்கும் காயம். 'என்னைச் சொல்கிறாரே, இவர் ஒழுங்கா?' என்று பிள்ளை நினைப்பான். அதனால்தான் அந்தக் காலத்தவர்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு கற்பித்தார்கள் என்றார். உங்கள் மகன் முகம் கொடுக்காமல் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை.

இன்று இரவே அந்தப் படத்தைக் கிழியுங்கள். பாடத்துக்கு ஒரு புத்தகம் வைத்துக்கொண்டு மற்ற கைடுகளைக் கட்டி மேலே போடுங்கள். அச்சுப் புத்தகம் பெருகிப்போனதால் ஜனங்கள் ஏனோதானோவென்று படிக்கிறார்கள் என்று ஜூ ஷி அந்தக் காலத்திலேயே அலுத்துக்கொண்டார். இன்று ஒரு பக்கம் படிக்க முடியும் என்றால் அரைப் பக்கம் படி, மிச்சத் தெம்பில் அந்த அரைப் பக்கத்தையே திரும்பப் பார் என்பது அவர் கணக்கு. மணிக்கணக்குக்கு என் பதிலும் அதுதான்.

மகனின் நாற்காலியைப் பாட்டியின் அறைக்குக் கொண்டுபோங்கள். பிசிக்ஸ் பாட்டிக்குப் புரியுமா என்பீர்கள். புரியாதவருக்கு வாசித்துச் சொல்லும்போதுதான் தனக்கு எங்கே புரியவில்லை என்று அவனுக்குத் தெரியும். இது சீனர்கள் சொன்னதல்ல, நான் சொல்வது. பத்தரை வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால், நீங்களும் அங்கேயே உட்காருங்கள். அம்மாவுக்கு இன்னொரு கால் இருக்கிறது.

நான்கு மாதமாகப் பேரன் ஏன் வருவதில்லை என்று அவர் கேட்டிருப்பார். என்ன பதில் சொன்னீர்கள்? அடுத்த கடிதத்தில் மார்க்கெல்லாம் எழுத வேண்டாம், அதை எழுதுங்கள்.